மாலையும் சிற்றுண்டியும் ஊதியம் ஆகுமா? – காரைக்காலிலிருந்து ஒரு சட்டப் பார்வை

வணிக மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்குப் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற பெயர் அறிமுகமாகியிருக்கும். பணியாளர்களுக்கு ஊக்கம் எதிலிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்து 1959இல் நூல் வெளியிட்ட அமெரிக்க உளவியலாளர் அவர். சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, பதவி உயர்வு ஆகியவை ஊக்கம் தருபவை என்றார். ஊதியம், பணிப் பாதுகாப்பு, பணியிடச் சூழல் ஆகியவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘சுகாதாரக் காரணிகள்’. இவை இருப்பதால் மட்டும் ஊக்கம் பெருகிவிடாது. ஆனால் இவை இல்லாவிட்டால் அதிருப்தி மூளும் என்பது அவரது முடிவு. அவர் நேர்கண்டது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். நிலையான வேலையில் இருந்த அவர்களிடம் அங்கீகாரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருந்தது.

நம் நாட்டிலோ ஊரின் சுகாதாரத்தைக் காப்பவர்களுக்கே அந்தச் ‘சுகாதாரக் காரணிகள்’ மறுக்கப்படுகின்றன. அங்கீகாரம் மட்டும் தாராளமாக வழங்கப்படுகிறது. 2019 பிப்ரவரி 24 அன்று பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் பாதங்களைக் கழுவினார். கொரோனா காலத்தில் பல ஊர்களில் அவர்களுக்கு மாலை அணிவித்தார்கள், மலர் தூவினார்கள். மாலை வாடியபோதும் அவர்களுடைய பணி ஒப்பந்தப் பணியாகவே இருந்தது.

சென்னையில் நடந்ததும் இதன் தொடர்ச்சியே. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன் தொழிலாளர்கள் அமர்ந்தார்கள். பணி நிரந்தரமும் ஊதியக் குறைப்பின்மையும் அவர்களுடைய கோரிக்கைகள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை அறிவித்த நலத்திட்டங்களில் ஒன்று, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலைச் சிற்றுண்டி. பசித்தவருக்கு உணவு வேண்டியதுதான். ஆனால் அவர்கள் கேட்டது அதுவன்று.

அந்தச் சிற்றுண்டியும் காரைக்காலுக்கு வராது. நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்தால் அரசு மாறிவிடுகிறது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம், நாற்புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டமாக இருக்கிறது. அரசாணையால் வரும் சலுகை எல்லைச் சாவடியோடு நின்றுவிடும். நாடாளுமன்றச் சட்டம் இருபுறமும் செல்லும். ஆகவே காரைக்காலில் நாம் பேச வேண்டியது சட்டத்தைத்தான்.

தூய்மைப் பணி இங்கே எத்தகையது என்பதை 2022 ஜூலை காட்டியது. வயிற்றுப்போக்கால் ஏறத்தாழ 1,500 பேர் பாதிக்கப்பட்டு, காலரா உறுதியானபோது, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. குடிநீரும் கழிவுநீரும் கலந்தால் ஓர் ஊரே முடங்கும் என்பதை அந்த வாரம் எல்லோரும் உணர்ந்தார்கள். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நாளில் இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். நளன் குளத்தில் நீராடி, ‘தோஷம்’ கழிந்ததென்று உடுத்திய துணிகளை அங்கேயே விட்டுச் செல்கிறார்கள். அடுத்தவரின் தோஷத்தை அள்ளி அகற்றும் கை யாருடையது, அது எந்தச் சாதியில் பிறந்தது என்று எவரும் கேட்பதில்லை.

குப்பை அகற்றல் ஒப்பந்தமாக விடப்படும்போது ஒப்பந்ததாரர் மாறுவார். துடைப்பம் பிடிக்கும் கை மாறாது. டெல்டா ஊர் ஒன்றில் பெண் தொழிலாளி ஒருவர் என்னிடம் மூன்று அடையாள அட்டைகளைக் காட்டினார். மூன்றிலும் வெவ்வேறு நிறுவனங்களின் பெயர்கள். தெரு அதே தெரு, வண்டி அதே வண்டி. பணி நியமன ஆணை ஒருமுறையும் தரப்படவில்லை. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் அவருடைய பணிக்காலம் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. “எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க?” என்றேன். “எந்தக் கார்டுக்குக் கேக்குறீங்க சார்?” என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு மேலாண்மை நூல் சொல்லும் பதவி உயர்வு எங்கிருந்து வரும்?

அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் இதைத் தொட்டுவிட்டார். தொழிலைத் தன் விருப்பத்தால் தேர்ந்தெடுக்காமல் பிறப்பால் சுமப்பவருக்கு, அதிலும் இழிவெனக் கருதப்படும் தொழிலைச் சுமப்பவருக்கு, மனமும் அறிவும் அந்த வேலையில் எப்படி ஒன்றும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. துப்புரவைப் புனிதத் தொண்டு என்று புகழ்வதையும் அவர் பின்னாளில் கடுமையாக எதிர்த்தார். அதே 1936இல் ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எந்த ஆலை முதலாளியும் அதை ஊக்கப் பரிசாக வழங்கவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பின் 57ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் ‘மையப் பணி’ என்பதன் வரையறை, பெருக்குதல், கழிவு அகற்றல் உள்ளிட்ட துப்புரவுப் பணிகளை விலக்கி வைக்கிறது. சாதி எந்த வேலையை ஊருக்கு வெளியே வைத்ததோ, அதே வேலையைச் சட்டமும் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது.

ஆயினும் அவ்விலக்கில் ஒரு நிபந்தனை உண்டு. அந்நிறுவனமே துப்புரவுப் பணிக்காக அமைக்கப்பட்டதாக இருந்தால் விலக்கு பொருந்தாது. துணி ஆலைக்குத் துப்புரவு துணைப் பணியாக இருக்கலாம். நகராட்சிக்கு அப்படி இருக்க முடியுமா? அரசமைப்பின் 12ஆம் அட்டவணை, பொதுச் சுகாதாரத்தையும் திடக்கழிவு மேலாண்மையையும் நகராட்சியின் பொறுப்புகளுள் வைத்திருக்கிறது. குப்பை அள்ளுவது நகராட்சியின் மையப் பணி இல்லையென்றால், வேறு எதுதான் மையப் பணி? வழக்கமாகவே ஒப்பந்ததாரர் வழி நடக்கும் பணி என்ற மற்றொரு விதிவிலக்கை எதிர்த்தரப்பு காட்டும். அதற்கும் நாம் ஆயத்தமாக வேண்டும்.

2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நீண்டகாலம் துப்புரவு உள்ளிட்ட வேலைகளைச் செய்தவர்களை நிரந்தரப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்கள் நேரடியாக அமர்த்தப்பட்டவர்கள். ஒப்பந்ததாரர் இடையில் நிற்கும் வழக்குகளில் நம் பாதை இன்னும் கரடுமுரடானது. அதனால்தான் ஆவணங்கள் முக்கியம். பழைய அடையாள அட்டை, வருகைப் பதிவு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வங்கிப் புத்தகம் ஆகிய எதையும் தூக்கி எறியக் கூடாது என்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்ல வேண்டும். மாணவத் தோழர்கள் தொடங்கக்கூடிய முதல் வேலை இந்த ஆவணத் தொகுப்பு. ஒப்பந்த ஆவணங்களையும் ஊதியப் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கேட்பது இரண்டாவது வேலை.

காரைக்காலில் இதற்குக் கூடுதல் அவசரம் உண்டு. புதுச்சேரியில் 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2025 முடியும் வரையில் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. கூலி வராத மாதத்தில் போய் நிற்க, வாக்குக் கேட்டு வந்த ஒரு வார்டு உறுப்பினரின் வாசல்கூடத் தொழிலாளிக்கு இல்லை. அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே அவர் தனியாக நிற்கிறார். அவருக்கு முதலில் தேவை நிரந்தரப் பணி, முழு ஊதியம், பாதுகாப்புக் கருவிகள், பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்லும் வழி. இவை கிடைத்த பிறகு அவர் விரும்பினால் மாலையையும் ஏற்றுக்கொள்வார்.