பேட்டரி டிரில்: வோல்ட்டைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: பாலசமுத்திரத்தில் ஒன்றரை ஏக்கரில் கொய்யாவும் வரப்போரமாகக் கொஞ்சம் தென்னையும் இருக்கிறது. சொட்டுநீர் பைப்பில் ஓட்டை போட, ஆட்டுக்கொட்டகை ஷீட் மாற்ற, வீட்டில் அலமாரி மாட்ட என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆள் வந்தால் வேலை அரை மணி நேரம், கூலி அரை நாள். அதனால் சார்ஜ் போட்டு ஓட்டும் டிரில்லிங் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று பழனியில் விசாரித்தோம். '48 வோல்ட், இரண்டு பேட்டரி, 100 சாமான் உள்ள பெட்டி, 2,200 ரூபாய்' என்று ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்திலேயே கம்பெனி மெஷின் 12 வோல்ட், 5,500 ரூபாய். வோல்ட் நாலில் ஒரு பங்கு, விலை இரண்டு மடங்குக்கும் மேல். மகளிர் குழுக் கடனில் வாங்கப் போகிறோம். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, பாலசமுத்திரம்

பதில்: இரண்டில் ஒன்றுதான் என்றால் 12 வோல்ட் மெஷின். ஆனால் அதற்கு முன் வாசகி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். போன வருடம் இந்த மாதிரி சில்லறை வேலைக்கு எத்தனை தடவை ஆள் கூப்பிட்டார்? இரண்டு மூன்று தடவைதான் என்றால் கடன் வாங்கி மெஷின் எடுக்கத் தேவையே இல்லை. பத்துப் பன்னிரண்டு தடவை என்றால், கூலியிலேயே மெஷினின் விலை கழிந்துவிடும்.

இனி அந்த '48 வோல்ட்' விஷயம். பேட்டரி டிரில்லுக்குள் இருப்பவை டார்ச் லைட் கட்டை போன்ற லித்தியம் செல்கள். ஒரு செல்லின் கணக்கு 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். மூன்று செல்லைத் தொடராக இணைத்தால் 10.8 வோல்ட், அதைத்தான் கடையில் 12 வோல்ட் மெஷின் என்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18 வோல்ட். சில கம்பெனிகள் முழுச் சார்ஜ் கணக்கை எடுத்துக்கொண்டு இதையே 20 அல்லது 21 வோல்ட் என்று போடும். அதுவரை சரிதான், ஏமாற்று ஒன்றுமில்லை. 48 வோல்ட்டுக்கு வர வேண்டுமானால் 13 செல் வேண்டும். ஒரு செல்லே ஏறக்குறைய 45 கிராம். செல்கள் மட்டும் அரைக் கிலோவைத் தாண்டும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும் அந்தப் பேட்டரிக்குள் 13 செல் எங்கிருந்து வரும்? பேட்டரியைக் கழற்றி அடிப்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வேறு எண் இருக்கும். '48 வி.எஃப்.', '88 வி.எஃப்.' என்றெல்லாம் பெட்டியில் பெரிதாகப் போடுவதும் உண்டு. அப்படி ஒரு மின் அளவே கிடையாது.

வோல்ட்டுக்கு அடுத்து 'ஏ.எச்.' என்ற அளவு. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது இதில் தெரியும். தரமான வீட்டு உபயோக மெஷின்களில் 1.5 அல்லது 2 ஏ.எச். இருக்கும். வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வருவதுதான் பேட்டரியின் உண்மையான கொள்ளளவு: 18 வோல்ட், 2 ஏ.எச். என்றால் 36 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தாலும் ஒரு யூனிட் கரண்டில் 20 தடவை சார்ஜ் ஏற்றலாம். ஆகவே கரண்ட் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். செலவு வைப்பது பேட்டரிதான். சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு எந்த லித்தியம் பேட்டரியும் சக்தி குறையும். அந்த நேரத்தில் அதே பேட்டரி கடையில் கிடைக்க வேண்டும். பெயர் தெரியாத மெஷினுக்கு அது கிடைக்காது. மெஷின் நன்றாக இருந்தும் பரணில் தூங்கும். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'தனிப் பேட்டரி என்ன விலை, இருப்பு இருக்கிறதா?' என்பது. போஷ், மகிதா, டிவால்ட், ஸ்டான்லி, இங்கோ, ஐபெல் என்று பல பெயர்கள் சந்தையில் உள்ளன. விலையும் தரமும் வேறு வேறு. பழனியிலோ திண்டுக்கல்லிலோ எதற்கு சர்வீஸும் உதிரி பேட்டரியும் கிடைக்கிறதோ, அதுதான் பாலசமுத்திரத்துக்குத் தோதான கம்பெனி.

இப்போது வாசகியின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சொட்டுநீருக்கு 12 வோல்ட் மெஷின் தாராளம். சப்-மெயின் பி.வி.சி. பைப்பில் லேட்டரலுக்கு ஓட்டை போடுவது பலம் தேவைப்படும் வேலையே அல்ல, அளவு தேவைப்படும் வேலை. ரப்பர் கிராமெட்டுக்கு என்ன அளவு சொல்லியிருக்கிறதோ அதே அளவு பிட்டால்தான் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் ஒழுகும். மெதுவான வேகத்தில் போட்டு, ஓட்டை விளிம்பில் இருக்கும் பிசிறைக் கத்தியால் வழித்துவிட வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டை போடும்போது விழும் பிளாஸ்டிக் துருவல் பைப்புக்குள்தான் போகிறது. வடிகட்டியைத் தாண்டிய இடம் அது. அங்கே விழுந்த துருவலைப் பிடிக்க எதுவும் இல்லை. நேரே போய் டிரிப்பரில் அடைக்கும். லேட்டரலை மாட்டும் முன் சப்-மெயின் கடைசி மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். லேட்டரல் குழாயில் டிரிப்பர் செருகும் ஓட்டைக்கு டிரில்லைக் கொண்டு போகவே வேண்டாம். அதற்கென்று உள்ள பஞ்ச் கருவியால் குத்தினால்தான் பிளாஸ்டிக் டிரிப்பரைச் சுற்றி இறுகப் பிடிக்கும்.

கொட்டகை ஷீட்டுக்கு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ வாங்கினால் தனியாக ஓட்டை போடும் வேலையே இல்லை. தலை அறுகோணமாக இருக்கும். அதற்குப் பொருந்தும் காந்த முனை சாக்கெட்டை, பெரும்பாலும் 8 மி.மீ., கூடவே கேட்டு வாங்க வேண்டும். ஆணி அடித்த ஷீட் காற்றுக் காலத்தில் கழன்று கொள்வதும், ஓட்டை வழியே மழை ஒழுகுவதும் இதில் குறையும். ஆனால் ஸ்க்ரூவின் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும். வெறியோடு முறுக்கினால் வாஷர் பிதுங்கிக் கிழிந்து, அங்கேயே ஒழுகும். அதற்குத்தான் மெஷின் கழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கிறது. சின்ன எண்ணில் ஆரம்பித்து, தேவைக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்குரிய இறுக்கம் வந்ததும் 'டக்டக்' என்று வழுக்கிவிட்டு நின்றுவிடும். கனமான இரும்பு ஆங்கிளில் ஸ்க்ரூ ஏற்ற 12 வோல்ட் திணறும்; அங்கே 18 வோல்ட் நல்லது. ஆனால் எடையையும் பாருங்கள். 12 வோல்ட் மெஷின் ஏறக்குறைய ஒரு கிலோ, 18 வோல்ட் அதைவிடக் கனம். ஏணியில் நின்று தலைக்கு மேலே கையை நீட்டி நாற்பது ஸ்க்ரூ போடும்போது அந்தக் கனம் தெரியும்.

வீட்டுச் சுவர் செங்கல் என்றால், 'இம்பாக்ட்' வசதி உள்ள மெஷினில் சுவருக்கான பிட் போட்டு 6 மி.மீ. அல்லது 8 மி.மீ. ஓட்டை போடலாம். இந்த வசதி இல்லாத மாடலும் ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கும். பார்த்து வாங்க வேண்டும். கழுத்து வளையத்தில் சுத்தியல் படம் இருந்தால் வசதி இருக்கிறது என்று அர்த்தம். கான்கிரீட் லிண்டல், தளம் என்றால் பேட்டரி மெஷினை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு நாள் வாடகைக்கு ஹேமர் மெஷின் எடுப்பதே மேல்.

தோட்டத்தில் வேலையே கிடையாது, எல்லாம் பிளக் பாயிண்ட் இருக்கும் வீட்டுக்குள்தான் என்றால் பேட்டரியே வேண்டாம். அந்த 2,200 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்தால் நல்ல கம்பெனியின் ஒயர் டிரில் கிடைக்கும். பேட்டரி செத்துப்போகும் கவலை இல்லாமல் பல வருடம் உழைக்கும். வாசகியின் கதை வேறு. கொய்யாத் தோட்டத்து நடுவில் பிளக் எங்கே இருக்கிறது?

ஒயர் இல்லாத டிரில் புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961-லேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லைக் கொண்டு வந்துவிட்டது. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவின் தரையைத் துளைத்ததும் பேட்டரி டிரில்தான். துளைத்த குழாய் மண்ணில் சிக்கிக்கொள்ள, இரண்டு விண்வெளி வீரர்களும் சேர்ந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. டிரில்லில் மாட்டிக் குழி தோண்டும் திருகு பிட் என்று ஒன்று இப்போது கடைகளில் தொங்குகிறது. மலையடிவாரத்துக் கல் மண்ணில் 12 வோல்ட் மெஷினில் இதை மாட்டினால், பிட் கல்லிலோ வேரிலோ சிக்கி நிற்கும், மெஷின் சுற்றும், மணிக்கட்டு முறுகும். தென்னைக்கு 3 அடிக் குழி கடப்பாரை, மண்வெட்டி வேலை. அது அப்படியே இருக்கட்டும்.

இனி ஆபத்தான ஒரு தவறு. கைத்தெளிப்பானில் இருக்கும் பேட்டரியும் 12 வோல்ட்தானே என்று அந்தச் சார்ஜரை டிரில் பேட்டரிக்குப் போட்டுவிடக் கூடாது. பல தெளிப்பான்களில் இருப்பது ஈய-அமில பேட்டரி. அதன் சார்ஜர் 13.8 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றும். டிரில்லின் மூன்று லித்தியம் செல்லுக்கு 12.6 வோல்ட்தான் எல்லை. தாண்டினால் பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். மெஷினோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். குழுவில் நாலு வீட்டுக்கு மெஷின் சுற்றினாலும் சார்ஜர் ஒரே வீட்டில் இருக்கட்டும். இரவல் போன பேட்டரிதான் ஊரில் சீக்கிரம் சாகிறது.

கடையில் மெஷினை எடுத்தவுடன் செய்ய வேண்டியவை சில. பிட் ஒன்றை மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள்; முனை ஆடினால் அந்தப் பெட்டி வேண்டாம். விசையை மெல்ல அழுத்தினால் மெல்லவும், முழுக்க அழுத்தினால் வேகமாகவும் சுற்ற வேண்டும். விட்டவுடன் நிற்க வேண்டும். பிட் பிடிக்கும் சக் 10 மி.மீ. போதும். 'பிரஷ்லெஸ்' மோட்டார் என்று கூடுதல் விலை சொல்வார்கள். தினமும் ஓட்டும் தச்சருக்கு அது லாபம், மாதம் நாலு மணி நேரம் ஓட்டும் வீட்டுக்கு அவசியமில்லை. அந்தப் பணத்தை இரண்டாவது பேட்டரிக்குக் கொடுப்பது மேல். பேட்டரியில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஐ.எஸ். 16046' என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, ஜி.எஸ்.டி. பில்லில் மெஷினின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும். 100 சாமான் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் உள்ள பிட்கள் இரண்டு இரும்பு ஓட்டைக்கு மேல் தாங்காது. இரும்புக்கு மூன்று, சுவருக்கு இரண்டு, கிராமெட்டுக்கு ஒன்று என நல்ல பிட் ஆறு வாங்கினால் போதும்.

ஓட்டும்போது முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும், தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும், கண்ணாடி போட வேண்டும். தொளதொளவென்ற கையுறை வேண்டாம்; சுற்றும் பிட் துணியைத்தான் முதலில் பிடிக்கும். காட்டுப்பன்றி, யானைக்காக சோலார் வேலி போட்டவர்கள், கம்பத்தில் ஓட்டை போடும் முன் வேலி மெஷினை நிறுத்திவிட்டார்களா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: மார்கழியில் காலையில் எடுத்தால் டிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடுகிறது. வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. பழுதா?
– ஒரு வாசகர், மன்னவனூர்

பதில்: பழுதாக இருக்காது. குளிரில் எந்த லித்தியம் பேட்டரியும் சக்தியைக் குறைத்துத்தான் கொடுக்கும். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகும். பயப்பட வேண்டியது வேறு. உறைபனி விழும் இரவில் வெளிக்கொட்டகையில் கிடந்த பேட்டரியை, காலையில் எடுத்த கையோடு சார்ஜில் போடக் கூடாது. உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் வைத்து, குளிர் விட்ட பிறகு சார்ஜ் போடுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டாம். கீழே பாலசமுத்திரத்தில் இதற்கு நேர் எதிரான தொல்லை: சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் சூட்டிலேயே பேட்டரியின் ஆயுள் குறையும். இரண்டு இடத்திலும் மாதக்கணக்கில் வேலை இல்லாவிட்டால் பாதிச் சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் ஏற்றி வைக்கலாம்.