அனிமே பாடத்தில் புராக்கு எங்கே?

ஜப்பானிய மங்காவும் அனிமேவும் பல்கலைக்கழகப் பாடமாகிவிட்டன. கியோட்டோ செய்கா பல்கலைக்கழகம் 2006-ல் மங்காவுக்கென்றே தனிப் புலம் தொடங்கியது. அதே ஆண்டு அதே நகரில் சர்வதேச மங்கா அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஜப்பானுக்கு வெளியேயும் பல நாடுகளில் 'சமகால ஜப்பானிய வெகுஜனப் பண்பாடு' என்று தாள்கள் நடத்துகிறார்கள். தமிழ் டப்பிங்கில் அனிமே பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலருக்கும் அதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் ஆசை இருக்கிறது.

"கார்ட்டூன் பார்க்கவா பல்கலைக்கழகம்?" என்று முகம் சுளிக்கிறவர்களோடு நாம் இல்லை. எது கலை, எது குப்பை என்று தரம் பிரித்தவர்கள்தான் நம் பாட்டையும் கூத்தையும் மேளத்தையும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினார்கள். கோடிக்கணக்கான இளைஞர்கள் பார்ப்பதை ஆராயாத சமூகவியல் என்ன சமூகவியல்? தாராளமாகப் படியுங்கள். நாம் கேட்பது வேறு கேள்வி. அந்தப் பாடத்தில் புராக்கு மக்கள் எங்கே?

புராக்கு யார் என்று தெரியாத தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். தோகுகாவா ஆட்சிக் காலத்தில் செத்த மாட்டை அகற்றியவர்கள், தோல் பதனிட்டவர்கள், தண்டனைக் களத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் 'எத்தா', 'ஹினின்' என்று ஒதுக்கப்பட்டார்கள். முதல் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு 'மிகுந்த அழுக்கு' என்று பொருள். இரண்டாவதற்கு 'மனிதரல்லாதவர்' என்று பொருள். 1871-ல் அரசாணை போட்டு இந்தப் பெயர்களை ஒழித்தார்கள். இழிவு ஒழியவில்லை. நிறம் ஒன்று, மொழி ஒன்று, முகமும் ஒன்று. ஆனாலும் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விசாரித்துத்தான் கல்யாணமும் வேலையும். புராக்கு ஊர்களின் பெயரையும் இடத்தையும் தொகுத்த ரகசியப் பட்டியல் ஒன்று விற்கப்படுவது 1975-ல் அம்பலமானது. அதை வாங்கியவை 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். இந்தப் பாகுபாடு இன்றும் இருக்கிறது என்பதை 2016-ல் இயற்றிய சட்டத்திலேயே ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1922 மார்ச் 3 அன்று அதே கியோட்டோவில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற இயக்கத்தைக் கட்டினார்கள். யாருடைய இரக்கமும் வேண்டாம், எங்கள் விடுதலை எங்கள் கையில் என்று அறிவித்தார்கள். நமக்குப் பழக்கமான குரல்தான்.

இதற்கும் வெகுஜனப் பண்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு மூன்று உதாரணம் தருகிறோம்.

முதலாவது மங்கா. 'காரோ' என்ற மங்கா இதழில் 1964 முதல் 1971 வரை ஷிராத்தோ சன்பேய் 'கமுய்-டென்' என்ற நெடுந்தொடரை வரைந்தார். நாயகன் கமுய் ஹினினாகப் பிறந்தவன். குடியானவர்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் மோதவிட்டு மேலே இருப்பவன் எப்படி ஆள்கிறான் என்பதுதான் அந்தக் கதையின் முதுகெலும்பு. போராட்டக்களத்தில் நின்ற அன்றைய மாணவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். 1987-ல் கமுய் ஆங்கிலத்துக்குப் போனபோது முதலில் போனது நிஞ்ஜா சாகசக் கிளைக்கதை. பிறப்பிழிவைப் பேசும் மூலக்கதை போய்ச் சேர அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின.

இரண்டாவது பாட்டு. 1971-ல் 'அக்காய் தோரி' என்ற குழு பாடிய 'தக்கேதா தாலாட்டு' நாடெங்கும் ஒலித்தது. கூலிக்குப் பிறர் குழந்தையைச் சுமந்த சிறுமியின் பாட்டு அது. அது கியோட்டோவின் ஒரு புராக்கு குடியிருப்பிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் வானொலியும் தொலைக்காட்சியும் மெல்ல அதைக் கைவிட்டன. யார் தடை செய்தது என்று 1999-ல் ஆவணப்பட இயக்குநர் மோரி தத்சுயா தேடிப் போனார். தடை என்று எதுவும் இல்லை. 'எதற்கு வம்பு' என்று தங்களுக்குத் தாங்களே வாயைக் கட்டிக்கொண்டதுதான் நடந்திருந்தது.

மூன்றாவது தைக்கோ மேளம். ஜப்பானின் அடையாளமாக உலக மேடைகளில் முழங்குகிறது. மாட்டுத்தோலைப் பதனிட்டு அந்த மேளத்தைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் புராக்கு மக்கள். அடிப்பவருக்குக் கைதட்டு, செய்தவருக்குத் தீட்டு. மேளத் தொழிலுக்குப் பெயர்போன ஒசாகாவின் நானிவா பகுதி இளைஞர்கள் 1987-ல் தாங்களே மேளத்தைக் கையில் எடுத்தார்கள். குழுவுக்கு 'இக்காரி' என்று பெயர் வைத்தார்கள். 'கோபம்' என்று பொருள். நம் நாகஸ்வர மரபையும் ஆய்வு செய்த இசையியலாளர் தெராதா யோஷிதாகா இவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறார். பறையை மேடையில் ரசித்துவிட்டு, சாவு வீட்டில் அதை அடிப்பவரைத் தெருவுக்குள் விடாத ஊரில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆக, புராக்கு மக்கள் ஜப்பானிய வெகுஜனப் பண்பாட்டின் ஓரத்தில் நிற்கவில்லை. அதன் தோலாகவும் தாளமாகவும் கதையாகவும் உள்ளேயே இருக்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லித்தருவது பாடமல்ல, விளம்பரம்.

விளம்பரம் என்று சும்மா சொல்லவில்லை. 'கூல் ஜப்பான்' என்பது அரசுக் கொள்கை. அதற்காக 2013-ல் தனி நிதியமே அமைத்தார்கள். மங்காவை வெளியுறவுக் கருவியாக்கி, 2007-ல் சர்வதேச மங்கா விருதைத் தொடங்கியவர் அன்றைய வெளியுறவு அமைச்சர் அசோ தாரோ. இதே அசோ, அமைச்சரவைத் தலைமைச் செயலாளராக இருந்த நொனாக்கா ஹிரோமு புராக்கு என்பதால் அவரைப் பிரதமராக்க முடியாது என்ற பொருளில் பேசியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நொனாக்காவே கட்சிக் கூட்டத்தில் அசோவின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னதாகப் பத்திரிகையாளர் உவோசுமி அகிரா எழுதினார். அசோ மறுத்தார். 2008-ல் பிரதமரும் ஆனார். மங்கா விருதைப் பாடமாக வைக்கிறவர்கள் இந்தக் கதையையும் பக்கத்தில் வைக்கட்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊரே ஒதுக்கிவைத்த நருட்டோவுக்காக அழுகிறோம். 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரில் ரத்தத்தைக் காரணம் காட்டி எல்டியர்களின் கையில் பட்டை கட்டி அடைத்துவைப்பதைப் பார்த்துக் கொதிக்கிறோம். 'மற்றமை', 'விலக்கம்' என்று கட்டுரை எழுதுகிறோம். நல்லது. ஆனால் கற்பனை ஊரில் ஒதுக்கப்பட்டவனுக்கு இருபது பக்கம் எழுதிவிட்டு, உண்மை ஊரில் ஒதுக்கப்பட்டவருக்கு ஒரு வரிகூட எழுதாதது என்ன ஆய்வு? உருவகத்துக்குக் கண்ணீர் விடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. பெயர் சொன்னால்தான் பிரச்சினை வருகிறது.

"எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்பார்கள். ஜப்பானிலும் இதற்கு ஒரு சொல்வழக்கு இருக்கிறது: தூங்கும் குழந்தையை எழுப்பாதே. பேசாமல் விட்டால் தானாக மறைந்துவிடுமாம். 1871-லிருந்து மறையாதது இனி எப்போது மறையும்? பேசாதிருந்த காலத்திலும் பட்டியல் விற்றவன் விற்றுக்கொண்டுதான் இருந்தான்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறோம். ஆய்வு என்ற பெயரில் எந்தக் கலைஞர் புராக்கு, எந்தத் தெரு புராக்கு என்று துப்பறியக் கிளம்பாதீர்கள். அது பட்டியல் விற்றவனின் வேலை. தானே முன்வந்து சொன்னவரின் சொல்லை எடுங்கள். ஒதுக்கியவனை ஆராயுங்கள், ஒளிந்து வாழ நேர்ந்தவரை அல்ல.

தோழர்களே, அடுத்த செமஸ்டரில் ஜப்பானியப் பண்பாட்டுத் தாள் எடுத்தால் முதல் வகுப்பிலேயே கேளுங்கள்: கமுய் பாடத்தில் உண்டா? தைக்கோவைச் செய்தவர் யார்? ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் பறையையும் தைக்கோவையும் ஒப்பிட்டு எழுதுங்கள். இது நாம் வலிந்து கட்டும் உறவல்ல. ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002-ல் 'வம்சாவளி' அடிப்படையிலான பாகுபாட்டைக் கண்டித்து வெளியிட்ட பொதுப் பரிந்துரைக்காகத் தலித் அமைப்புகளும் புராக்கு அமைப்புகளும் சேர்ந்து உழைத்தன. களத்தில் சந்தித்துக்கொண்டவர்கள் வகுப்பறையிலும் சந்திக்கட்டும்.

ஆசிரியர் "இது பாடத்திட்டத்தில் இல்லை" என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். உங்கள் முதல் ஆய்வுக் கேள்வி அதுதான்.

ஜெய்பீம்.