சட்டக் கல்வியின் வாயிலில் மொழிச் சுவர்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான ‘கிளாட்’ நுழைவுத் தேர்வுக்கு மேல் வயது வரம்பு இல்லை. பள்ளியிறுதியில் வாய்ப்பை இழந்த மாணவர்கள், கல்லூரியில் வேறொரு பட்டப்படிப்பில் இருந்துகொண்டே இத்தேர்வுக்குத் தயாராகிறார்கள். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளோ, வகுப்பு முடிந்ததும் வேலைக்கும் ஓடவேண்டியிருக்கிறது.

அவர்கள் முன் இரண்டு தடைகள் நிற்கின்றன. முதலாவது, பணம். விண்ணப்பக் கட்டணமே பொதுப்பிரிவினருக்கு 4000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3500 ரூபாய். தனியார் பயிற்சி மையங்களின் வசூல் தனி. இரண்டாவது, மொழி. 120 நிமிடங்களில் 120 வினாக்கள். பத்திகளை வாசித்தே விடையளிக்க வேண்டும். அனைத்தும் ஆங்கிலத்தில் மட்டுமே. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பறிபோகும். இங்கே அளக்கப்படுவது நியாய உணர்வல்ல. ஆங்கில வாசிப்பு வேகமே.

சட்டம் படித்து முடித்தவர்கள் வழக்காடத் தகுதிபெற, இந்திய பார் கவுன்சில் நடத்தும் தேர்வைப் பல இந்திய மொழிகளில் எழுதலாம். கீழமை நீதிமன்றங்கள் பலவற்றில் மாநில மொழியிலேயே வாதங்கள் நடக்கின்றன. தொழிலுக்குத் தடையாக இல்லாத தாய்மொழி, படிப்பில் நுழைவதற்கு மட்டும் எப்படித் தடையாகும்?

எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் தேர்வு நடத்தப்பட வேண்டும். ஏழை மாணவர்களுக்குக் கட்டணம் ரத்தாக வேண்டும். அரசுக் கல்லூரிகளில் இலவசப் பயிற்சி வேண்டும். பொருளாதார நிலை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்கிறது அரசியல் சாசனத்தின் 39ஏ பிரிவு. அந்த நீதிக்காக வாதாடும் வாய்ப்பும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு மறுக்கப்படலாகாது.