மில்லுக்குப் போவதா? வீட்டில் தைப்பதா?

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு வீடு. கணவன் மில் தொழிலாளி. மனைவிக்கும் மில்லில் இடம் இருக்கிறது. ஆனால், கைக்குழந்தை இருக்கிறது. "வீட்டிலேயே நைட்டி தைத்தால் என்ன?" என்று மாமியார் கேட்கிறார்.

எது நல்லது? இப்படி யோசிக்கும் குடும்பங்கள் பல.

2020-ல் கொரோனா வந்தபோது, கம்ப்யூட்டர் வேலை செய்வோர் வீட்டில் இருந்து வேலை செய்தார்கள். ஊரே அதைப் புதுமையாகப் பேசியது. இந்தப் பக்கத்து மக்களுக்கு அது புதுமை அல்ல! ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளர் வீட்டில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்து வந்தன. தளவாய்புரம் வட்டாரத்தில் நைட்டி தைக்கும் மிஷின் ஓசை வீடுகளில் கேட்கிறது.

எல்லா வேலையும் வீட்டுக்கு வராது

ராஜபாளையத்தில் 1936-ல் பஞ்சாலை தொடங்கப்பட்டது. நூற்பு மிஷினை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அப்படித்தான். பெரிய அடுப்பு, பெரிய வாணலி, கொதிக்கும் பால். குழந்தை விளையாடும் கூடத்தில் செய்கிற வேலை அல்ல அது.

தையல் வீட்டுக்கு வரும். ஆனால், வந்தால் மட்டும் போதுமா? லாபம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

ஒரு பேச்சுக்கு, தையல் கூலி நாளுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், கரண்டு, மிஷின் ரிப்பேர் ஆகியவற்றுக்கு 60 ரூபாய் போனால், மிச்சம் 340. அதற்கு 10 மணி நேரம் உழைத்தால், மணிக்கு 34 ரூபாய்தான்! பிசிறு வெட்டி, துணி மடித்துக் கொடுத்த மாமியாரின் உழைப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை.

மில் சம்பளத்தையும் இப்படியே மணிக் கணக்காகப் பாருங்கள். பஸ் செலவையும், போய்வரும் நேரத்தையும் கழியுங்கள். பி.எப்., இ.எஸ்.ஐ. இருந்தால் அதையும் சேருங்கள். குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் மறக்கக்கூடாது. அதற்கும் ஒரு விலை உண்டு.

வேலைக்கு நேரம் வேண்டும்

மில்லில் ஷிப்டு முடிந்தால் வேலை முடிந்தது. வீட்டில் அப்படி இல்லை. "இன்னும் நாலு உருப்படி" என்று இரவு பதினொரு மணி ஆகிவிடும். பள்ளிக்கூடம் போகும் பெண்ணையும் துணைக்கு உட்கார வைப்பார்கள். அவளுடைய படிப்பு கெடும். அந்த நஷ்டத்தை எந்தக் கூலியும் ஈடு செய்யாது.

வீட்டில் வேலை செய்பவரும் தொழிலாளிதான். அவரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று, 1996-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஓர் உடன்படிக்கை செய்தது. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளருக்கும் நெசவாளருக்கும் நல வாரியங்கள் இருக்கின்றன. வீட்டில் தைப்பவர் அதில் பதிவு செய்துகொள்வது அவசியம்.

முடிவு

குழந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லை, மிஷின் போட வெளிச்சமான இடம் உண்டு, செலவு போகக் கையில் கூலி நிற்கிறது என்றால், வீட்டில் தைக்கலாம். ஆனால், மாலையில் மிஷினை மூடும் நேரத்தை முதலிலேயே குறித்துவிட வேண்டும்.

மிச்சம் இல்லை, பாட்டியோ பாலர் பள்ளியோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் என்றால், மில்லுக்குப் போவதே மேல்.

மாமியார் சொன்னார் என்பதற்காகவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி தைக்கிறாள் என்பதற்காகவும் வேண்டாம். ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் வரவு, செலவு, நேரம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்!