பாரிசவாதத்துக்கு ரொபோ வரட்டும், அதற்கு முன் நாம்?



2025 நவம்பரில் வந்த செய்தி ஒன்றை இன்னும் பலர் பகிர்கிறீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த வைத்தியர், 6,000 கிலோமீற்றருக்கும் அப்பால் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த ரொபோவை இயக்கி, மூளைக்குப் போகும் குழாயில் அடைத்த இரத்தக் கட்டியை எடுக்கும் சிகிச்சையைச் செய்து காட்டினார். பெரிய விடயம்தான். ஆனால் அது செய்யப்பட்டது மருத்துவ ஆய்வுக்குத் தானமாகக் கிடைத்த ஓர் உடலில். நோயாளிகளிடம் வரக் காலம் எடுக்கும்.

இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஜேர்மனியின் பவேரியாவில் 2003 முதல் சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நோயாளியை, மியூனிக்கில் இருக்கும் நரம்பியல் நிபுணர் வீடியோவில் பார்க்கிறார். ஸ்கேன் படத்தையும் பார்த்துவிட்டு, ஊசி போடலாமா என்று அங்கிருந்தே சொல்கிறார். இதற்கு ரொபோ தேவையில்லை. சீ.ரி. ஸ்கேன், கெமரா, நல்ல இணைய இணைப்பு, பயிற்சி பெற்ற தாதியர், எந்நேரமும் அழைப்பை எடுக்கும் ஒரு நிபுணர் போதும். அரசியல்வாதிகள் ஊருக்கு வந்தால் கட்டடம் கேட்கிறோம். இனி இதையும் கேட்போம்.

ஆனால் எந்தத் தொழில்நுட்பமும் நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் உதவும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் கட்டாயம். மூளையில் இரத்தக்கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடலாம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாப்பாவுக்கு வாய் கோணினால் முதலில் தண்ணீர் பருக்குகிறோம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். பிறகு எண்ணெய் தேய்க்கிறோம், வெளிநாட்டிலுள்ள மகனுக்குக் கோல் எடுக்கிறோம், "விடியட்டும் பார்ப்போம்" என்கிறோம். துஆ கேளுங்கள், அம்பியூலன்ஸில் ஏறியும் கேட்கலாம்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். இதில் ஒன்று திடீரென வந்தாலே 1990 சுவசெரியவை அழையுங்கள். இலவசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்து வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு ஜும்ஆவுக்குப் பின் 5 நிமிடம் ஒதுக்கி இதை ஒரு வைத்தியரைக் கொண்டு சொல்ல வையுங்கள். பெண்களுக்கும் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். பகலில் வீட்டில் மூத்தவர்களோடு இருப்பது அவர்கள்தானே.