ரமேஷ் கிருஷ்ணனும் 23 என்ற எண்ணும்

புசா ரோட்டுப் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளில் ஒவ்வொரு மாணவர் முகத்தின் கீழும் ஒரு தரவரிசை எண் இருக்கிறது. அந்த எண்ணே மாணவர் என்று அவ்வீதி நம்புகிறது. டென்னிஸும் எண்ணால் ஆளப்படும் துறைதான். அங்கே சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் எட்டிய மிக உயர்ந்த இடம் 23, ஆண்டு 1985.

1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் இரண்டிலும் இளையோர் பட்டம் வென்றவர் அவர். பின்னர் மர மட்டையின் இடத்தைக் கிராஃபைட் மட்டை பிடித்தது. அதிவேக சர்வீஸும் வலிய அடியும் பொது இலக்கணமாயின. ரமேஷின் சர்வீஸ் மென்மையானது. அது குறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எதிராளியின் வேகத்தையே கடன்பெற்று, அவர் எட்டாத இடத்தில் பந்தை வைக்கும் நுட்பம் அவருடையது. அந்நுட்பத்துடன் விம்பிள்டனில் ஒருமுறையும் அமெரிக்க ஓபனில் இருமுறையும் காலிறுதி கண்டார். 1987இல் சிட்னியில், முடிவைத் தீர்மானித்த ஐந்தாம் ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதலிடத்திலிருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வீழ்த்தினார்.

23 என்பது பொய்யன்று. பல போட்டிகளின் தொகுப்பு அது. ஒருவர் எவ்வழியில் ஆடுகிறார், அவ்வழி யாரை வெல்லவல்லது என்பதை அது சொல்லாது. வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆய்வு மாணவரை எடைபோடும் தேர்வுக் குழுக்களுக்கும் இது பொருந்தும். எண்ணைப் பார்த்தபின், அந்த மாணவரின் ஒரு கட்டுரையையேனும் முழுமையாகப் படிக்க வேண்டும்.