உயர்ந்த மரத்தின் காலடியில்



கலிபோர்னியாவில் பணிபுரியும் நம் சபை இளைஞர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு எழுதியிருந்தார். ஜூலை மாதத்தில் நண்பர்களோடு வடகோடியிலுள்ள ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குச் செல்கிறாராம். (நம் நாட்டுச் செம்மரம் வேறு, குழப்பம் வேண்டாம்.) உலகில் உயிரோடிருக்கும் மரங்களில் மிக உயரமான ‘ஹைபீரியன்’ அங்கேதான் நிற்கிறது, ஏறத்தாழ 116 மீட்டர். அதைச் சுற்றியுள்ள பகுதி 2022இல் மூடப்பட்டது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. “இருக்குமிடம் இணையத்தில் கிடைக்கிறது. யாரும் பார்க்கப்போவதில்லை. போகலாமா, ஐயா?”

போகக்கூடாது என்பதே என் கருத்து. அபராதத்துக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை.

இத்தனை உயரமான மரத்துக்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் பெரும்பாலும் நான்கு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே நின்று, பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரைகூடப் படர்ந்து, அயல் மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. மழை குறைந்த கோடையில் பசிபிக் கடலின் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. ஆயிரம் கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் நீரும் காற்றும் எளிதில் இறங்குவதில்லை. ஹைபீரியனின் அடியில் முன்பு வளர்ந்திருந்த பெரணிகள் அழிந்துபோயின. பாதை இல்லாத காட்டில் புதிய ஒற்றையடித் தடங்களும், குப்பையும், மனிதக் கழிவும் பெருகின. அனைவரும் அந்த மரத்தை நேசித்து வந்தவர்களே.

“பழைய ரெட்வுட் காடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மர வியாபாரத்துக்கு வெட்டியவர்கள், இன்று என் செருப்பையா தடுக்கிறார்கள்?” என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் எஞ்சியிருப்பது அந்த ஐந்து பங்குதானே!

நானும் குற்றவாளிதான். சில ஆண்டுகளுக்கு முன் மகளோடு சான் பிரான்சிஸ்கோ அருகிலுள்ள மியூர் வுட்ஸ் சென்றபோது, புகைப்படத்துக்காகத் தாழ்ந்த வேலியைத் தாண்டி ஒரு மரத்தின் தூரில் சாய்ந்து நின்றேன். “அப்பா, திருமண ஆராதனையில் பலிபீடக் கிராதிக்குள் ஏறும் புகைப்படக்காரரை நீங்கள் எப்படிக் கடிந்துகொள்வீர்கள்?” என்றாள் மகள். பதில் சொல்ல வார்த்தையின்றி இறங்கி வந்தேன். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

இளைஞருக்கு இப்படி எழுதினேன்: ஹைபீரியனின் அடியில் நின்றால் அதன் உச்சி தெரியாது, அடிமரமும் அங்குள்ள பல மரங்களைவிடச் சிறியதே. லேடி பேர்ட் ஜான்சன் தோப்பில் இரண்டரைக் கிலோமீட்டருக்குள் எளிய சுற்றுப்பாதை உண்டு; வயதானவர்களும் நடக்கலாம். ஜெடடையா ஸ்மித் பூங்காவின் ‘டைட்டன்கள் தோப்பு’ம் இப்படித்தான் மிதிபட்டது. அங்கே இப்போது தரைக்கு மேலே உயர்த்திய நடைபாதை அமைத்திருக்கிறார்கள். கால்கள் மேலே நடக்க, கீழே பெரணிகள் வளரலாம். ‘டால் ட்ரீஸ்’ தோப்புக்குச் செல்ல முன்கூட்டியே இலவச அனுமதி பெறவேண்டும். ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையே தருவார்கள். அதற்கு இன்றே விண்ணப்பியும்.

அவர் இன்னும் பதில் எழுதவில்லை.